உயிரோடிருந்தவனுக்கு வந்த கோடி

நான் இறந்துவிட்டேன் என்னும் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியவர் என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருவர். இப்போது பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கிறார். என் இலக்கத்திற்கே அதை அனுப்பி, கீழே தம் ஆழ்ந்த அனுதாபத்தையும் எழுதியிருந்தார். என் திறன்பேசி அந்நேரம் என் மனைவியின் கையில் இருக்கும் என்று எண்ணினார் போலும். ஊதா நிறப் பின்னணி, இரு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் ஒரு வெண்டாமரை, நடுவில் என் முகம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. பிறந்த ஆண்டு பிழை. இறந்த நாள் அன்றைய நாளே. பெயருக்குக் கீழே மூன்று பட்டங்கள் சூட்டியிருந்தார்கள்: ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், மொழிப் பற்றாளர், தொழில்நுட்பத்தின் எதிரி. மூன்றாவதைப் படித்தவுடனேயே அது எவருடைய கைவண்ணம் என்று ஊகித்துவிட்டேன்.

பதுளைக் கடைவீதியில் கணினிக் கடை நடத்துபவர் அவர். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்து, முயன்று படித்து முன்னேறியவர். ஊவா மாகாணத்துப் படித்த தமிழர் பலர் கூடியிருந்த இணையக் குழு ஒன்றை அவரே தொடங்கி நடத்திவந்தார். ஆகவே அவரை நிர்வாகி என்றே இங்கு குறிப்பிடுகிறேன். பெயரைச் சொல்லாமல் விடுவது பெருந்தன்மையால் அன்று. சொன்னால் அதுவும் அவருக்கு ஒரு விளம்பரமாகிவிடும்.

குழு நல்ல குழு. தொழில்நுட்பச் செய்திகளும் இணைய உரிமைகளும் நாட்டு நடப்பும் அங்கே விடிந்ததிலிருந்து அலசப்படும். எண்ணிம அடையாள அட்டையில் கைரேகையை வாங்கி அரசு என்ன செய்யும், இணையப் பாதுகாப்புச் சட்டம் யாரைப் பாதுகாக்கும், பாடசாலைப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை எழுதி வாங்கலாமா என்று நாளுக்கொரு வழக்கு. நான் தூய தமிழில் எழுதுவேன். இளையவர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள். “சேர், ‘செயற்கை நுண்ணறிவு’ன்னு நீங்க அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த வெர்ஷனுக்குப் போயிருது” என்று ஒருவன் எழுதியபோது நானும் சிரித்தேன். கிண்டலில் நஞ்சு இல்லாதவரை எனக்கு அது உவப்பே.

நஞ்சு வந்தது பெரட்டுக் களத்திலிருந்து. என் தங்கை மடுல்சீமைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தே முதுமை எய்தியவள். அவளுடைய மருமகள் இன்றும் மலைக்குப் போகிறாள். காலையில் பெரட்டில் கூடும் தொழிலாளரைக் கங்காணி பெயர் சொல்லி அழைத்து வேலைக்குப் பிரித்து அனுப்புவது அங்கே வழக்கம். நான் ‘இறந்த’ ஆண்டில் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டுக் கம்பமொன்றில் முகத்தை அடையாளங்காணும் பொறியொன்றைப் பொருத்தினார்கள். தங்கை தொலைபேசியில் புலம்பினாள்.

“மூஞ்சிய காட்டுனாத்தான் பேரு விழுமாம் அண்ணே. கொட்டுற மழையில முக்காட்ட எடுக்கச் சொல்லுது அந்தப் பொட்டி. எடுத்த மூஞ்சிய எங்கிட்டு கொண்டு போறானுங்கன்னு கேட்டா, கணக்கப்புள்ளைக்கும் தெரியல.”

அவளுடைய கேள்வியை நான் செந்தமிழில் எழுதிக் குழுவில் இட்டேன். தொழிலாளரின் முகங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன? எவர் பார்க்கலாம்? ஒருத்தி வேலையை விட்டு விலகினால் அவள் முகம் அழிக்கப்படுமா? நிர்வாகி நீண்ட விடை எழுதினார். ஐரோப்பிய நாடுகளில் தனியுரிமை எப்படிப் பேணப்படுகிறது என்பது பற்றிய சிறந்த கட்டுரை அது; மடுல்சீமை என்ற சொல் மட்டும் அதில் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒரு கட்டுரை வந்தது. அதற்குள் தங்கையின் மகன், என் மருமகன், அந்தப் பொறியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். அதன் பக்கவாட்டில் விற்ற கடையின் ஒட்டுத்தாள் இருந்தது. நிர்வாகியின் கடை.

அப்படத்தைக் குழுவில் இட்டு ஒரே வாக்கியம் எழுதினேன்: “பொறியை விற்றவர் நம் குழுவிலேயே இருப்பதால், முகங்கள் எங்கே என்பதை இனி அவரே தெளிவுபடுத்தலாம்.” மறுநாட்காலை நான் இறந்துபோனேன்.

அஞ்சலிப் படத்தைக் குழுவில் இட்டது அறிமுகமில்லாத ஓர் இலக்கம். அன்று காலையே சேர்ந்து, படத்தை இட்டுவிட்டு, உடனே வெளியேறியிருந்தது. ஆனால் படத்தில் என் இடக்காதின் மேற்பாதி இல்லை. சில மாதங்களுக்கு முன் இணையவழிக் கலந்துரையாடல் ஒன்றிற்கு விளம்பரம் செய்வதற்காக என் ஒளிப்படத்தை நிர்வாகிக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். அவர் அதை வெட்டி விளம்பர மாதிரி ஒன்று செய்து என் பார்வைக்கு அனுப்பினார். காதைச் சிதைத்துவிட்டீரே என்று கேட்டிருந்தேன். கலந்துரையாடல் நடக்கவில்லை, விளம்பரமும் வெளிவரவில்லை. அந்தச் சிதைந்த காது உலகில் எங்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. அதைக் கண்டபோதுகூட எனக்கு அவ்வளவு சினம் வரவில்லை; அடுத்ததைக் கண்டபோதுதான் வந்தது. படத்தின் கீழே முதல் ஆளாக நிர்வாகியே இரங்கல் எழுதியிருந்தார்: “பேரிழப்பு. ஐயாவின் ஆன்மா சாந்தியடையட்டும்.” அடுத்து, கைகூப்பிய குறி.

தொலைபேசி ஓயவில்லை. ஹாலிஎலையிலிருந்து என் பழைய மாணவனொருவனின் தந்தை அழைத்தார்.

“ஐயாவ எத்தன மணிக்குங்க எடுக்கிறாங்க?”

“எந்த ஐயாவை?”

“அதிபர் ஐயாவத்தாங்க.”

“நான்தான் பேசுகிறேன்.”

“சரிங்க ஐயா. அப்ப இன்னிக்கு எடுக்கலீங்களா?”

இதைச் சொல்லி மனைவியும் நானும் சிரித்துக்கொண்டிருந்தோம். மடுல்சீமைக்குச் செய்தி போயிருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் ஒரு சொல் அழைத்துச் சொல்லியிருப்பேன். தங்கை ஏன் அழைத்துக் கேட்கவில்லை என்று நகரத்து நண்பர்கள் பின்னர் வியந்தார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வியப்பு எழாது. இழவு விழுந்த வீட்டை அழைத்து “உண்மைதானா?” என்று கேட்பது எங்கள் மக்களிடையே பெரும் அவமதிப்பு. இழவு என்று காதில் விழுந்தால் புறப்பட்டுவிட வேண்டும். அன்று காலை பெரட்டில், அந்தப் பொறியின் முன்னாலேயே, எவரோ திறன்பேசியை நீட்டியிருக்கிறார்கள். லயத்தில் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். தங்கை கடைக்குப் போய்க் கோடித்துணி கிழித்து வாங்கிக்கொண்டு, மகனுடன் பசறைக்கு வந்து, அங்கிருந்து பதுளைப் பேருந்து ஏறி, வளைவுக்கு வளைவு ஒப்பாரி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பேருந்தில் இருந்த அறியாதவர்களும் அவளோடு அழுதார்களாம்.

நான் முன்கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். படலையைத் தள்ளிக்கொண்டு தலைவிரி கோலமாக நுழைந்தவள் என்னைக் கண்டு நின்றாள். மயங்கி விழுவாள் என்று அஞ்சி எழுந்தேன். விழவில்லை. வந்து என் தோளில் ஓங்கி அடித்தாள்.

“படுபாவி! உசுரோட குந்திக்கிட்டுப் பேப்பரு படிக்கிறியே! மடுல்சீமையில இருந்து நெஞ்சடிச்சுக்கிட்டு வாறேன், நீ பேப்பரு படிக்கிறியே!”

“நான் என்னம்மா செய்தேன்?”

“செத்துட்டேன்னு சொல்லிட்டு சாகாம இருக்கியே, அது போதாதா?”

பிறகுதான் அழுதாள். என் கைகளையும் முகத்தையும் தடவித் தடவி அழுதாள். மனைவி தேநீருக்கு உள்ளே அழைத்தபோது தன் கையிலிருந்த பொதியைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

“கையில கோடி இருக்கு அண்ணி. இத வச்சிக்கிட்டு வாசப்படி ஏறலாமா?”

கோடி என்பது இறந்தவர் மீது உறவுமுறைப்படி போர்த்தும் புதுத்துணி. எங்கள் வழக்கில் உடன்பிறந்தவள் வீட்டுக் கோடி விழாமல் ஆண்பிள்ளையின் உடல் படி இறங்காது. ஓரம் தைக்காத வெள்ளை மல்லுத்துணி. ஒரு முனையில் மஞ்சள். வீட்டை விட்டுப் புறப்பட்ட கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உடுத்தக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. போர்த்துவதற்கு ஆள் இல்லாத கோடி ஆளைத் தேடும் என்றாள் தங்கை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளுக்கு அழுது வீங்கிய முகம். அதில் அச்சம் உறைந்திருந்தது. அதோடு நான் எந்த நியாயத்தைப் பேசுவது?

“யாரு ஒன்னய சாகடிச்சானோ, அவன் வாயால இல்லன்னு சொல்லட்டும். எல்லாரும் கேக்கச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒன் வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன். என் காலாலதான் சாவு உள்ள வந்துச்சுன்னு ஆகிரக் கூடாது.”

பொதியை வெளிச்சுவரில் மின்மானிப் பெட்டியின் கம்பியில் மாட்டிவிட்டு, ஒரு வாய் நீர்கூட அருந்தாமல் போனாள். எனக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்தியே. தாயும் தந்தையும் போனபின் தீபாவளியும் பொங்கலும் எனக்கு அவள் வருகையால்தான் வந்தன. அந்தப் படியை அவள் மறுபடி மிதிக்க வேண்டும். அதற்கு அந்த மனிதர் வாய் திறக்க வேண்டும். அன்று முதல் எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மருமகனுக்கு வழி எளிதாகத் தெரிந்தது. “மாமா, பொலிசுல குடுப்போம். புதுச் சட்டம் இருக்குல்ல? தூக்கி உள்ள போட்ருவான்.”

அந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் பேசுவோர் வாயை அடைப்பதற்கே பயன்படும் என்று அதே குழுவில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். என் தோலைக் காக்க அதே சட்டத்தின் வாசலில் நிற்பது என் கொள்கைக்கு ஒவ்வாது என்றேன்.

“கொள்கைய நீங்க வச்சிக்கங்க மாமா. கோடிய எங்க வைக்கிறது?”

நேரே நிர்வாகியின் கடைக்குப் போனேன். எழுந்து நாற்காலி இட்டார், தேநீருக்குச் சொன்னார்.

“யாரோ சின்னப் பசங்க செஞ்ச வேல சேர். எனக்கே ரெண்டு நாளா மனசு சரியில்ல.”

“என் இடக்காதின் மேற்பாதி எங்கே?”

என் காதைப் பார்த்தார். பார்த்தவுடன் அவருக்கும் நினைவு வந்துவிட்டது, கண்ணிமைகள் காட்டிக்கொடுத்தன. எனினும் விரைவில் தேறிக்கொண்டார்.

“ஆதாரம் இருந்தா பொலிசுக்குப் போங்க சேர். நான் தடுக்கல. ஆனா அந்தச் சட்டத்த எதுத்து எழுதினதே நீங்கதானே?”

புன்னகைத்தார். தேநீரைத் தொடாமல் எழுந்தேன். அன்று மாலையே ‘பொய்ச் செய்தி என்னும் கொடுநோய்’ என்று குழுவில் ஒரு கட்டுரை எழுதினார். என்னையே அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தார். பலர் பாராட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பித்தவன் நான். அந்தப் பாடத்தை அன்றோடு மூடிவைத்தேன். அவர் சிறைக்குப் போவதை நான் விரும்பவில்லை. என் தங்கை அந்தப் பேருந்தில் என்ன உணர்ந்தாளோ அதை அவரும் தம் தோலில் உணர வேண்டும் என்றே விரும்பினேன். காத்திருந்தேன்.

வாய்ப்பைத் தேடித் தந்தவர்கள் நகரத்து வாசகர் வட்டத்தார். எண்ணிம அடையாள அட்டை குறித்துக் கலந்துரையாடல், அதன் இறுதியில் இணைய உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் நிர்வாகிக்குப் பாராட்டு. எங்களுக்குள் மனத்தாங்கல் என்று கேள்விப்பட்டு, அதைத் தீர்த்துவைக்கும் நல்லெண்ணத்தோடு, பொன்னாடை போர்த்த என்னையே அழைத்தார்கள். மகிழ்ந்து இசைந்தேன். புறப்படும்போது மின்மானிப் பெட்டியிலிருந்து பொதியை எடுப்பதை மனைவி பார்த்தாள்.

“என்னங்க செய்யப் போறீங்க?”

“உரியவரிடம் சேர்க்கப் போகிறேன்.”

அவள் தடுக்கவில்லை. “பாத்து, கீழ விழுந்துராம போடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்தில் தோட்டத்து ஆசிரியர்கள், தொழிற்சங்க இளைஞர்கள், பசறையிலிருந்து வந்திருந்த பெண்கள் என்று நல்ல கூட்டம். நிர்வாகி தனியுரிமை பற்றி அழகாகப் பேசினார். ஒருவருடைய முகம் அவருடைய உடைமை, அவர் இசைவின்றி எவரும் அதைக் கையாளலாகாது என்றார். நான் கைதட்டினேன். பிறகு அவரை நடு மேடையில் நாற்காலியில் அமர்த்தி, சரிகைப் பொன்னாடையைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். கோடி போடுகிறவர் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும். என் பையிலிருந்த வெள்ளைத்துணியை உதறி விரித்து, அவர் நெஞ்சின்மேல் விழும்படி மெல்லப் போர்த்தி, மஞ்சள் முனை முகத்தருகே வருமாறு ஒழுங்குசெய்தேன்.

“அவையோரே, அண்மையில் நான் இறந்ததை நீங்கள் அறிவீர்கள். எனக்காக மடுல்சீமையிலிருந்து என் தங்கை அழுதுகொண்டு சுமந்து வந்த துணி இது. எனக்குப் பயன்படவில்லை. என்னைச் சாகடித்தவருக்கே இது சேரவேண்டும் என்று கருதுகிறேன்.”

பின்வரிசையில் ஒரு பெண் அலறினாள்: “ஐயையோ, கோடிடா அது!”

தோட்டத்தாரில் பாதிப்பேர் தம்மையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள்; கோடி விழும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது. அதைக் கண்டபின்தான் நிர்வாகி தம் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். வேறு ஊரில் பிறந்தவராயின் வெள்ளைச் சால்வை என்று எண்ணிச் சிரித்திருப்பார். லயத்தில் பிறந்தவருக்கு அந்த மஞ்சள் முனையைப் படிக்க எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தேள் கொட்டியவர் போலத் துள்ளி எழுந்து துணியை உதறித் தள்ளினார். ஒலிவாங்கி இன்னும் அவர் சட்டையில் இருந்தது.

“படத்த செஞ்சது மட்டுந்தான் சேர் நான்! குரூப்புல போட்டது வேற ஆளு!”

மண்டபம் முழுவதும் அதைக் கேட்டது. முதலில் சிரித்தவர் வாசகர் வட்டத் தலைவர். அவருக்கு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்வில் எத்தனையோ மேடைகள் ஏறியிருக்கிறேன். அவற்றில் எதிலும் அத்தகைய நிறைவு எனக்குக் கிட்டியதில்லை. துணியை எடுக்க எவரும் முன்வரவில்லை. அது மேடையிலேயே கிடக்க, நான் இறங்கி வந்தேன்.

அடுத்த நாட்களில் அவர் கடைக்குத் தோட்டத்து ஆட்கள் போகவில்லை. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த திறன்பேசிகளைக்கூட வெளியே நின்று கேட்டு வாங்கினார்களாம். நமுனுகுலவிலிருந்து அவர் தாய், கோயிலுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டே வீட்டுப் பக்கம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். கேட்டவுடன் கூடுதலாக ஒரு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடித்தேன். இறுதியில் அவரே என் படலைக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

“தப்புதான் சேர். கோவத்துல செஞ்சுட்டேன். கால்ல வேணா விழுறேன்.”

“என் காலில் விழுவதால் என் தங்கைக்கு என்ன பயன்? இறந்தேன் என்று எங்கே சொன்னீரோ, அங்கேயே, உம் குரலில் சொல்லும்.”

“குரூப்புல இருக்கிறவங்க பாதிப்பேர் என் கஸ்டமர் சேர்...”

“தனியே கேட்கும் மன்னிப்பைத் தனியே வைத்துக்கொள்ளும்.” படலையைச் சாத்தினேன்.

மறுநாள் குழுவில் அவருடைய குரற்பதிவு வந்தது. கட்டுரை நடை எங்கோ ஓடிப்போய், வாயில் லயத்துத் தமிழ் வந்திருந்தது. “மடுல்சீமை அம்மாவுக்குச் சொல்லிக்கிறது. ஒங்க அண்ணன் சாகல. செத்தாருன்னு படம் செஞ்சது நான்தான். அது பொய். கோடி என் மேல விழுந்துருச்சு. இனிமே ஒங்களுக்குப் பயம் வேணாம். அந்தப் பொட்டியில இருக்கிற மூஞ்சி எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டர்லயும் இருக்கு. அதையும் அழிச்சிர்றேன்.” முகங்களைப் பற்றிய கடைசிப் பகுதியைச் சொல்லும்படி நான் கேட்டிருக்கவில்லை, அவரே சேர்த்துக்கொண்டார். முகங்கள் எங்கே என்று நான் முன்பு கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை வந்தது. தோட்ட நிர்வாகத்துக்கும் அப்போதுதான் அது தெரியவந்தது போலும். அந்த மாதமே பெரட்டுக் கம்பத்திலிருந்து பொறியைக் கழற்றினார்கள்.

அவர் மறுமுறை என்னை அழைத்தது பல மாதங்களுக்குப் பின். அந்தக் குரற்பதிவு குழுவைத் தாண்டிவிட்டது. ஊவாவின் தோட்டமெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கலியாண வீடுகளில் “கோடி என் மேல விழுந்துருச்சு” என்பதை ஒலிக்கவிட்டுச் சிரிக்கிறார்களாம். அவருடைய மகளைப் பாடசாலையில் அதைச் சொல்லியே கேலி செய்கிறார்களாம்.

“நீங்க ஒரு வார்த்த எழுதினா ஆட்கள் அழிச்சிருவாங்க சேர். பழச இணையத்துல இருந்து அழிக்கச் சொல்லிக் கேக்க மனுசனுக்கு உரிம இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மறக்கப்படும் உரிமைன்னு.”

“எழுதியிருக்கிறேன். இன்றும் அதில் மாற்றமில்லை. உமக்கு அவ்வுரிமை உண்டு.”

“அப்ப எழுதுவீங்களா சேர்?”

“எழுத மாட்டேன்.”

மனைவிக்கு அந்தச் சிறுமியை எண்ணி மனம் இளகியது. ஒரு வரிதானே, எழுதினால் என்ன என்று கேட்டாள். எனக்கும் தெரியும், பிள்ளை குற்றமற்றவள். தெரிந்தே எழுதவில்லை. இணைய உரிமைகள் பற்றிய கட்டுரைகளை நான் தொடர்ந்து எழுதிவருகிறேன். இந்த ஒரு வரி மட்டும் என் விரலில் வருவதாயில்லை.

பொங்கலன்று தங்கை வந்தாள். படியில் ஒரு கணம் நின்று, வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை மடித்தபடி கேட்டாள்: “அந்தத் தம்பி பேசுனத போடு அண்ணே, கேப்போம்.”

போட்டேன். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டாள்.

“பாவம். கொரலு நடுங்குதுல்ல?”

எனக்கு அந்த நடுக்கம் சரியாகக் கேட்கவில்லை. ஒலியைச் சற்றுக் கூட்டி, மறுபடியும் போட்டேன்.